மினி சூறாவளி அடிக்கும் இடத்தில் குறைந்த செலவில் என்ன வீடு கட்டலாம்?

உங்கள் காணி மட்டக்களப்பு மாவட்டத்தின் வவுணதீவுப் பக்கம் வயலோரத்தில் இருக்கிறது. அண்மையில் வந்த மினி சூறாவளி அயல் வீடுகளின் தகரக் கூரைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கையில் இருக்கும் பணம் சின்ன வீடொன்றுக்கே மட்டுமட்டு. ஆகவே அமெரிக்காவில் டொர்னாடோ எனும் சுழல்காற்று அடிக்கும் ஊர்களில் காட்டுகிற, கவிழ்த்த கிண்ணம் போன்ற கவிகை வடிவக் கொங்கிறீட் வீட்டையோ, கப்பற் கொள்கலனை மாற்றிச் செய்த வீட்டையோ இங்கே மலிவாகக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டின் வடிவத்தைப் பற்றிக் கேட்பது போல எழுதியிருந்தாலும், இருக்கும் பணத்தை வீட்டின் எந்தப் பகுதியில் போட்டால் பெருங்காற்றில் கூரை மிஞ்சும், உள்ளே இருப்பவர்கள் உயிர் தப்புவார்கள் என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று விளங்கிக்கொள்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வீட்டுத் திட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் பல ஆண்டுகள் வேலை செய்த அனுபவத்தை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன். காணியைப் பார்க்காமல் வீட்டுப் படம் வரைந்து தர முடியாது. ஆனால் பணம் எங்கே போக வேண்டும் என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

முதலில் காற்றைப் பற்றிப் பேச வேண்டும். நம் பகுதிக்கு வருகிற பெருங்காற்று இரண்டு வகை. ஒன்று வங்காள விரிகுடாவில் உருவாகிக் கரையேறும் சூறாவளி. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பில் கரையேறிய சூறாவளி இலங்கையில் ஏறக்குறைய 915 உயிர்களைப் பறித்தது. சேதமான வீடுகள் சுமார் இரண்டரை இலட்சம். அதைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருப்பதால் அதிகம் விளக்கத் தேவையில்லை. மற்றது, பருவங்களுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழையோடு திடீரென்று இறங்கி, சில நிமிடங்களில் ஒரு கிராமத்தின் ஓரத்தை மட்டும் சிதைத்துவிட்டுப் போகும் காற்று. செய்திகள் இதைத்தான் மினி சூறாவளி என்கின்றன. அந்தப் பெயருக்குள் இரு வேறு நிகழ்வுகள் அடங்குகின்றன. இடிமுகிலில் இருந்து குளிர்ந்த காற்று கீழே கொட்டி நிலத்தில் மோதிப் பரவுவது ஒன்று. உண்மையிலேயே சுழன்று நகரும் சிறிய டொர்னாடோ மற்றது. உங்கள் அயலில் அடித்தது எது என்பதை, தகடுகளும் மரங்களும் விழுந்து கிடந்த திசையை நினைவுபடுத்தினால் ஓரளவு ஊகிக்கலாம். எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறிபோல விரிந்தோ கிடந்தால் அது பெரும்பாலும் கீழே கொட்டிய காற்று. ஒடுங்கிய பாதை ஒன்றில் ஒன்றுக்கொன்று எதிர்த் திசைகளில், குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தால் சுழல்காற்று என்று சந்தேகிக்கலாம். இது ஊகமே தவிர நிரூபணம் அல்ல.

கூரை பறந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து, அது எதற்கும் அடங்காத காற்று என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆணியை மட்டும் நம்பி நிற்கும் தகரக் கூரை மணிக்கு 100 கிலோமீற்றர் அளவான காற்றிலேயே கிளம்பிவிடக் கூடியது. 1978 அழிவுக்குப் பின்னர், 1980இல் வீடமைப்புக்குப் பொறுப்பான அமைச்சு பலத்த காற்றுக்கு ஏற்ற கட்டட வடிவமைப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அது நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தது. மட்டக்களப்புக் கரையோரம் அதில் கடுமையான முதலாம் வலயம். சாதாரண வீட்டுக்கு அங்கே கொள்ள வேண்டிய காற்று வேகம் செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்குச் சுமார் 176 கிலோமீற்றர். வைத்தியசாலை போன்று அனர்த்தத்தின் பின்னும் இயங்க வேண்டிய கட்டடங்களுக்குச் செக்கனுக்கு 54 மீற்றர். அமெரிக்கர்கள் டொர்னாடோவை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். அதில் 1ஆம் தரத்தின் மேல் எல்லை மணிக்கு ஏறக்குறைய 177 கிலோமீற்றர். ஆகவே நம்முடைய வழிகாட்டியின்படி ஒழுங்காகக் கட்டிய ஒரு சிறிய வீடு, அங்கே மிகப் பெரும்பான்மையாக அடிக்கும் 0, 1ஆம் தர டொர்னாடோக்களின் வேகத்துக்கும் கணக்கிடப்பட்ட வீடாகவே இருக்கும். பறந்து வரும் பொருட்களின் அடியை இந்தக் கணக்கு உள்ளடக்காது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும் 5ஆம் தரத்துக்குச் சாதாரண வீடு எதுவும் நிற்காது. அப்படியொன்றை எதிர்பார்த்து வவுணதீவில் வீடு கட்டத் தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்த வேகம் ஒரு கூரையை என்ன செய்யும் என்பதைக் கணக்காகப் பார்ப்போம். செக்கனுக்கு 49 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ நிறைக்குச் சமம். மெல்லிய உலோகத் தகடு சதுர மீற்றருக்கு 4 கிலோ அளவில்தான் நிறுக்கும். கூரையைத் தாங்கும் சாய்ந்த கைமரம், அதன் மேல் குறுக்காகத் தகட்டுக்கு அடிக்கும் சலாகை எல்லாம் சேர்ந்தாலும் 15 கிலோவைச் சுற்றியே வரும். காற்று கூரையின் மேலாக ஓடும்போது அதை மேல்நோக்கி உறிஞ்சும். முகட்டோரம், தாழ்வார ஓரம், மூலைகள் ஆகிய இடங்களில் இந்த உறிஞ்சல் இன்னும் அதிகம். தாழ்ந்த வீட்டில் வேகம் சற்றுக் குறையும் என்பதைக் கழித்த பின்பும், 3 அடிக்கு ஒரு கைமரம் வைத்த சிறிய வீட்டில் ஒவ்வொரு கைமரத்தின் அடிமுனையையும் காற்று 150 முதல் 200 கிலோ வரையான விசையோடு மேலே இழுக்கும் என்று மதிப்பிடலாம். அந்த முனையை நம் ஊரில் எதனால் பிடித்து வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் சரிவாக அடித்த இரண்டு ஆணிகளால். ஆணி பக்கவாட்டுத் தள்ளலை நன்றாகத் தாங்கும். நேரே பிடுங்கும் விசைக்கு அது பலவீனமானது. கூரை பறப்பதன் முழுக் கதையும் இதற்குள் இருக்கிறது.

ஆகவே குறைந்த செலவு வீட்டில் பணம் முதலில் போக வேண்டிய இடம் பொருத்துகள். தகட்டைச் சலாகையோடும், சலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரின் தலைமேல் கிடக்கும் வளையோடும், வளையைக் கொங்கிறீட் பீமோடும், பீமை அத்திவாரத்தோடும் பிணைக்கும் தொடர்ச்சி ஒரு சங்கிலி. அதில் ஒரு கண்ணி விடுபட்டாலும் மற்றவற்றுக்குச் செலவழித்தது வீண். நான் பார்த்த வீடுகளில் அதிகம் விடுபடுவது வளைக்கும் பீமுக்கும் இடையிலான கண்ணி. ஓடாவியார் வளையைச் சீமெந்துச் சாந்தின் மேல் வைத்து மட்டம் பார்ப்பார்; மேசன் இரு பக்கமும் சாந்து பூசி மூடுவார்; பார்ப்பவருக்கு அது இறுகப் பிடித்திருப்பது போலவே தெரியும். உண்மையில் அங்கே கூரையின் பாரத்தைத் தவிர வேறு பிடிப்பு எதுவும் கிடையாது. அந்தப் பாரத்தைவிடப் பல மடங்கு விசையோடு காற்று தூக்கும்போது, கூரை, கைமரம், வளை எல்லாம் ஒன்றாகக் கழன்று போய்விடும். உங்கள் அயலில் கூரை சட்டத்தோடு சேர்ந்து முழுதாகப் பறந்து விழுந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு மாற்று எளியது. பீமுக்குக் கொங்கிறீட் போடும் நாளிலேயே, அடிமுனை வளைத்த 12 மில்லிமீற்றர் பொல்ற்றுகளை 3 அல்லது 4 அடிக்கு ஒன்றாகவும், மூலைகளுக்கு அருகில் கட்டாயமாகவும் கம்பிக்கூட்டுக்குள் கொளுவி நிறுத்த வேண்டும். கொங்கிறீட் இறுகிய பின் வளையில் துளையிட்டு அதில் இறக்கி, அகன்ற வாசர் போட்டு நட்டை முறுக்க வேண்டும். கைமரம் வளையைச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அங்குலத்துக்கும் சற்றுக் கூடிய அகலமுள்ள கல்வனைஸ் பட்டியைக் கைமரத்தின் இரு புறமும் வைத்து, கைமரத்தில் குறைந்தது மூன்று ஆணி, வளையில் குறைந்தது மூன்று ஆணி என்று அடிக்க வேண்டும். அப்போது அதே ஆணி பிடுங்கப்படாமல் பக்கவாட்டில் வேலை செய்யும். சலாகை கைமரத்தைக் கடக்கும் இடங்களில் சிறிய பட்டி போதும். தகட்டுக்கு முறுக்கு ஆணியும் இறப்பர் வாசரும் போட வேண்டும்; நடுப்பகுதியில் அலைவரி ஒன்று விட்டு ஒன்று போதுமானாலும், நான்கு ஓரங்களிலும் முகட்டிலும் ஒவ்வோர் அலைவரியிலும் போடுவது நல்லது, ஓரங்களில் சலாகைகளையும் நெருக்கி அடிப்பது நல்லது. இவை எல்லாவற்றுக்கும் ஆகும் பணம் தரை மாபிளுக்குச் செலவழிப்பதைவிடக் குறைவு. பூச்சுக்கும் சீலிங்குக்கும் பின்னால் மறைந்து போவதால்தான் இவை கைவிடப்படுகின்றன.

இது நம் ஊருக்கு மட்டும் பொருந்தும் சிக்கன யோசனை அல்ல. அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தின் மூர் என்ற சிறு நகரத்தைப் பலத்த டொர்னாடோக்கள் பல முறை தாக்கின. 2013 மே 20ஆம் திகதி வந்த பேரழிவுக்குப் பின், 2014இல் அந்த நகரம் புதிய வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றுக்கு ஏற்பக் கட்டப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 217 கிலோமீற்றர். 2ஆம் தரத்தின் மேல் எல்லை. கவிகை வீடு கட்டுங்கள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வழக்கமான மரச்சட்ட வீட்டிலேயே கூரையைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பிடிகள், தொடர்ச்சியாக இறுக்கிய சுவர்ப் பலகைகள், காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் வாகனக் கொட்டில் கதவுகள் ஆகியவற்றைத்தான் அது கேட்டது. இதனால் கூடும் செலவு சதுர அடிக்கு ஒரு டொலர் அளவில் இருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அங்கத்தைய மர வீட்டுக் கணக்கை நம் சீமெந்துக் கல் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. பணம் எங்கே போனது என்பதைக் கவனியுங்கள்.

சுவரைப் பற்றி ஒரு விடயம். பலர் கதவு, யன்னலுக்கு மேல் மட்டும் லிண்டல் போட்டுவிட்டுச் சுவரின் தலையை வெறும் கல்லோடு விட்டுவிடுகிறார்கள். கூரையைப் பிடிப்பதற்கு வீட்டைச் சுற்றி முறியாமல் ஓடும் பீம் சுவரின் தலையில் தேவை. 6 அங்குல உயரம், நான்கு 10 மில்லிமீற்றர் கம்பிகள், 6 அங்குலத்துக்கு ஒரு வளையம் என்பது சிறிய வீட்டுக்கு வழக்கமான அளவு. ஆனால் 6 அங்குலச் சுவரின் மேல் அத்தகைய பீம் ஓர் அடிக்குச் சுமார் 17 கிலோதான் நிறுக்கும். மூன்று அடிக்கு ஒரு கைமரம் 150 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது பீமின் பாரம் மட்டும் போதாது. ஆகவே நான்கு மூலைகளிலும், பெரிய திறப்புகளின் இரு பக்கமும், நீண்ட சுவரில் 8 அல்லது 10 அடிக்கு ஒன்றாகவும் அத்திவாரத்தில் இருந்து எழும் நிலைக்கம்பிகள் பீமுக்குள் வளைந்து சேர வேண்டும். வீட்டுக் கொடுப்பனவு கட்டம் கட்டமாக வரும் திட்டங்களில் ஓர் ஆபத்து உண்டு: சுவர் எழுந்து, அடுத்த கட்டப் பணத்துக்காகப் பீம் இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். அப்படி நிற்கும் சுவரைச் சாதாரண இடிமழைக் காற்றே தள்ளிவிடும். ஒக்டோபருக்கு முன் பீம் போட முடியாது என்று தெரிந்தால், சுவரை யன்னல் மட்டத்துக்கு மேலே கொண்டு போகாமல் நிறுத்துங்கள்.

வடிவத்தில் நான்கு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் சரிந்து முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடப் பாதுகாப்பானது என்பது உலகம் முழுதும் சூறாவளிகளுக்குப் பின்னர் கண்டறிந்த உண்மை. சரிவு 25 முதல் 30 பாகை இருந்தால் நல்லது. மழைநீர் ஓடினால் போதும் என்று தட்டையாகப் போடும் தகடு காற்றுக்கு வாய்ப்பானது. தாழ்வாரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீளக்கூடாது. நம் வெயிலுக்கும் மழைக்கும் இது சங்கடமானது என்பதை அறிவேன். ஆகவே திண்ணைக்குத் தனிக் கூரை போடுங்கள். அது போனாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. திண்ணைத் தூணின் அடியையும் கொங்கிறீட்டில் பதித்த இரும்புப் பிடியோடு பொல்ற் போட்டு இறுக்க வேண்டும்.

காற்று வரும்போது யன்னல்களைத் திறந்துவிட்டால் உள்ளும் வெளியும் அழுத்தம் சமமாகி வீடு தப்பும் என்ற நம்பிக்கை இங்கும் உண்டு, அமெரிக்காவிலும் நெடுங்காலம் இருந்தது. அது தவறு. காற்று வரும் பக்கத்துக் கதவு உடைந்தாலோ திறந்தாலோ உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்; மேலே உறிஞ்சல், கீழே தள்ளல் இரண்டும் சேர்ந்து தூக்கும் விசையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் மூடுங்கள். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாளும், உள்ளே குறுக்குத் தடியும் இருக்கட்டும். பெரிய கண்ணாடி யன்னலைவிட மரக் கதவு யன்னல் மலிவு. இந்த விடயத்தில் மேலானதும் கூட.

வயல்வெளிக் காணி என்பதால் இன்னொன்று சொல்ல வேண்டும். வெளியான இடத்தில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை, மரம் நடலாம் என்று தோன்றும். நடுங்கள், ஆனால் வீட்டுக்கு மேல் விழாத தூரத்தில். 1978இல் மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. பனை தென்னையைவிட உறுதியாக நிற்கும் மரம். முருங்கை சிறு காற்றுக்கே முறியும்.

இனி உயிரைப் பற்றி. சூறாவளிக்கு முன்னறிவித்தல் வரும். அப்போது வெள்ளமும் கடல்நீரும் ஏறும் இடத்தில் இருப்பவர்கள் வீட்டின் உறுதியை நம்பி இருக்கக் கூடாது, அறிவித்தபடி பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். சுழல்காற்றுக்கோ இடிமுகில் காற்றுக்கோ அந்த அவகாசம் கிடையாது. விரிவான ராடர் வலையமைப்பு உள்ள அமெரிக்காவிலேயே டொர்னாடோ எச்சரிக்கைக்கும் தாக்குதலுக்கும் இடையே சராசரியாகக் கால் மணி நேரம்கூட இருப்பதில்லை. ஆகவே ஓடி ஒளியும் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். பறக்கும் தகடும் மரமும்தான் இத்தகைய காற்றில் கொடிய ஆயுதங்கள். 1989 ஏப்ரல் 26ஆம் திகதி வங்காளதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் அடித்த டொர்னாடோவில் ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். தகரத்தாலும் மூங்கிலாலும் ஆன வீடுகளில் ஒதுங்குவதற்கு இடமே இருக்கவில்லை.

இதனால்தான் வீட்டுக்கு வெளியே கட்டும் குளியலறையை, அல்லது சிறிய களஞ்சிய அறையை, வீட்டின் நடுப்பக்கமாக உள்ளே கொண்டுவந்து, அதற்கு மட்டும் கூரையாக 4 அங்குலக் கொங்கிறீட் தட்டுப் போடச் சொல்கிறேன். 5 அடிக்கு 6 அடி அறையில் ஒரு குடும்பம் நெருங்கி நிற்கலாம். 4 அங்குலத் தட்டு சதுர மீற்றருக்கு 240 கிலோ நிறுக்கும். மேலே சொன்ன 150 கிலோ அழுத்தத்தோடு ஒப்பிட்டால் தன் பாரத்தாலேயே அது அமர்ந்திருக்கும். சுவர்க்கம்பிகளைத் தட்டுக்குள் வளைத்துவிட்டால் இன்னும் உறுதி. சுவர்க் கல்லின் பொந்துகளுக்குக் கம்பி இறக்கிக் கொங்கிறீட் நிரப்ப வேண்டும். வெறும் 4 அங்குலக் கல்லைப் பறந்து வரும் மரம் துளைத்துவிடலாம். அமெரிக்காவில் அங்கீகரித்த பாதுகாப்பு அறைகளின் சுவரை, சுமார் 7 கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் எய்து பரிசோதிப்பார்கள். நான் சொல்லும் அறை அந்தப் பரிசோதனையில் தேறும் என்று கூறமாட்டேன். வீட்டின் மற்ற எந்த மூலையையும்விட மிகப் பாதுகாப்பானது என்று கூறுவேன். தட்டின் மேல் தண்ணீர்த் தாங்கி வைத்தால் கட்டி வையுங்கள். மழைக்காலத்தில் அதை நிரப்பியே வையுங்கள்.

கவிகை வீடு உறுதியில் சிறந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் காற்றூதிய அச்சும், கொங்கிறீட்டை விசிறும் இயந்திரமும், பழகிய ஆட்களும் வேண்டும். ஒரே ஒரு சிறிய வீட்டுக்கு அவற்றைத் தேடுவது சிக்கனமாகாது. பின்னால் அறை கூட்டுவதும் கடினம். கொள்கலன் வெறுமையாக இருக்கும்போது பாரம் போதாமல் உருளக்கூடியது. அத்திவாரத்தோடு பிணைக்காவிட்டால் அதுவே ஆபத்து. நம் வெயிலில் உள்ளே இருப்பதும் கடினம். முழு வீட்டுக்கும் கொங்கிறீட் தட்டுப் போட வசதி இருந்தால் போடலாம். உங்கள் பணத்துக்கு அது கனவாக இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

கட்டி முடிக்கும் வரை தற்காலிகத் தகரக் கொட்டிலில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூரையின் மேல் கல்லும் பழைய டயரும் மணல் மூட்டையும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்; பெருங்காற்றில் அவை தலைமேல் விழும். மீன்பிடிக்குப் பாவிக்கும் தடித்த நைலோன் கயிற்றைக் கூரையின் மேலாக 4 அடிக்கு ஒன்றாகக் குறுக்கே எடுத்து, இரு பக்கமும் 3 அடி ஆழத்தில் கிடையாகப் புதைத்த மரக்குற்றியில் கட்டி இறுக்குங்கள். ஒரு கன அடி கொங்கிறீட் 68 கிலோதான் என்பதால் சிறிய கொங்கிறீட் கட்டியை நம்புவதைவிட, மேலே மண்ணை இடித்து நிரப்பிய கிடைக்குற்றி நல்லது. தகடு கயிற்றை அறுக்காதபடி ஓரங்களில் பழைய டயர்த் துண்டை வைத்துக் கட்டுங்கள். பலத்த சுழல்காற்றில் இதுவும் போதாமல் போகலாம். இடி இருட்டிக்கொண்டு வரும்போது பிள்ளைகளை அயலில் உள்ள கல்வீட்டுக்கு அனுப்பிவிடுவதே மேல்.

உப்புக் காற்று எட்டும் இடங்களில் பட்டியும் ஆணியும் சில ஆண்டுகளில் துருப்பிடிக்கும். வாவியை அடுத்த உங்கள் பக்கத்திலும் ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில் ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். இறப்பர் வாசர் வெடித்திருந்தால், பட்டி மண்ணிறமாக உதிர்ந்தால், மாற்றுங்கள். பணம் முடிந்துபோகும் நிலை வந்தால் வெளிப்பூச்சையும், தரை மாபிளையும், சீலிங்கையும் பிற்போடுங்கள். அவற்றை அடுத்த ஆண்டும் செய்யலாம். பீமுக்குள் பொல்ற்றை அடுத்த ஆண்டு வைக்க முடியாது. ஆகவே கொங்கிறீட் போடும் நாளிலும் கைமரம் ஏற்றும் நாளிலும் நீங்களோ உங்கள் தகப்பனாரோ கட்டாயம் அங்கே நில்லுங்கள். ஒவ்வொரு நட்டும் இறுகியிருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்காமல் முதலாவது தகட்டை மேலே ஏற்ற விடாதீர்கள்.